மஞ்சக்கரு சூடு

அவர் சாப்பிடுவதைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் முகம் சுளித்ததில்லை. ரசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் துண்டை விரித்து, அதன்மேல் பெரிய எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தட்டு நிறையச் சோறு, அதை மூழ்கடித்த ஆட்டுக்கறிக் குழம்பு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். "அண்ணாத்தே துன்றத பாத்தாலே நமுக்குப் பசிக்குதுப்பா" என்பார் எதிர்வீட்டு ஆட்டோக்காரர்.

எனக்குப் பசித்ததில்லை. நல்லி எலும்பைத் தட்டின் விளிம்பில் டக் டக்கென்று தட்டி, ஓட்டையில் வாயை வைத்து அவர் உறிஞ்சுகிற சத்தம் மாடியில் எங்கள் சமையலறை வரை கேட்கும். குழம்பு முழங்கை வரை ஒழுகினால் நாக்கை நீட்டி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக நக்குவார். பேசும்போது வாயை மூடமாட்டார். மென்ற சோறு நாக்கில் புரள்வது தெரியும். ஒருமுறை என்னிடம் பேசியபோது ஒரு பருக்கை தெறித்து என் சுடிதாரின் தோளில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடக்கூட எனக்குக் கை போகவில்லை. மேலே வந்து உடையையே மாற்றினேன்.

கள்ளிக்குப்பத்தில் அது அவருடைய சொந்த வீடு. கீழே அவரும் அவர் மனைவி தேவகி அக்காவும். மாடியில் வாடகைக்கு நாங்கள். கரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். எனக்குப் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட். நாங்கள் பார்த்த வீட்டு ஓனர்களில் அவர்தான் நல்லவர் என்று என் கணவர் சொல்வார். அதுவும் பொய்யில்லை. மோட்டார் ரிப்பேரானால் தானே இறங்கிப் பார்ப்பார். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். எஸ்டேட்டில் கிரேன் ஓட்டி, ஓவர்டைம் பார்த்து, செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. அவருடைய அப்பா அதே பக்கத்தில் யாரோ ஒருவருடைய வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்.

எதிரில் யார் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "சாப்ட்டியா?" என்பதுதான். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், எல்லாரிடமும் கேட்பார். அவ்வளவு வாஞ்சையாக அந்த ஊரில் வேறு யாரும் என்னைக் கேட்டதில்லை. "வவுத்துக்கு மட்டும் துரோகம் பண்ணாத பாப்பா" என்பார். ஆனால் இல்லை என்று சொன்னவர்களுக்கு அவர் தன் தட்டிலிருந்து எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. இதை நான் கவனிக்க வெகுநாள் ஆயிற்று. கேட்கிற குரலிலேயே நமக்கு வயிறு நிறைந்துவிடும், அப்படிப்பட்ட குரல்.

தேவகி அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்தார். ஒல்லியான உடம்பு. வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்த பிறகு, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுத் துடைத்து, அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவார். "தட்டுல போட்டுச் சாப்பிடலாம்ல அக்கா" என்றேன் ஒருநாள். "சட்டியில ஒட்டிகினு கீறதுதான் பாப்பா ருசி" என்று சிரித்தார்.

அந்த வருஷம் மழை நின்ற பிறகு அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது. துணி தூசியால் வருகிற இருமல் என்று கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருந்தார். சாயங்காலமானால் காய்ச்சல். ஜாக்கெட் தோளிலிருந்து நழுவியது. ஒருநாள் சளியில் ரத்தம் வந்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டிபி என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை.

மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளரை நாங்கள் எல்லாரும் டிபி சிஸ்டர் என்போம். ஸ்கூட்டியில் வருவார், பையில் ஒரு எடை மெஷினும் இருக்கும். முதல் நாள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பயம் போகவேண்டும் என்று. மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் சில வாரத்தில் மற்றவர்களுக்குத் தொற்றுவது குறைந்துவிடும் என்றார். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார்.

"மாத்திரை கிருமியைக் கொல்லும். கரைஞ்சுபோன உடம்பை அது திரும்பக் கட்டாது. அதுக்குச் சாப்பாடுதான். முட்டை, பருப்பு, கடலை, பால், முடிஞ்சா ஈரல். இவங்க உடம்புல ஒண்ணுமே இல்ல சார். இப்படியே இருந்தா மாத்திரை போட்டும் பிரயோஜனம் இல்லாம போயிடும். மாசாமாசம் எடை ஏறணும். நீங்கதான் பார்த்துக்கணும்."

அவர் கைகூப்பி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எம்மா, சாப்பாட்டு விசியத்த எங்கிட்ட வுட்டுட்டல்ல, நீ போய் வா. ஊட்டி ஊட்டி வளக்கறேன் பாரு."

மறுநாளே டூவீலரின் முன்னால் ஒரு தட்டு முட்டையை வைத்துக்கொண்டு வந்தார். அடுத்தநாள் ஆட்டு ஈரல். பிறகு கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், மார்க்கெட்டிலிருந்து மீன். ஒவ்வொன்றையும் கேட்டில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார். "எல்லாம் என் பொண்டாட்டிக்கு." தெருவே மெச்சியது. என் கணவர் என்னிடம், "பாரு, இப்படி ஒரு புருஷன்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முன்பு அவரைக் கண்டு அருவருத்ததற்காக ஒருநாள் வெட்கப்பட்டேன்கூட.

அந்த வாரத்திலேயே தேங்காய் உடைக்க அரிவாள் கேட்டுக் கீழே போனேன். சமையலறைத் தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் தட்டில் வேகவைத்த முட்டைகள். மாத்திரை போட்ட குமட்டலில் அக்கா ஒரு வாய் கடித்துவிட்டு, "வேணாம் மாமா, வாந்தி வர்ற மாரி கீது" என்றார். அவர் அக்காவுக்கு அத்தை பையன், அதனால் மாமா.

"அப்பால துன்னு. வெச்சிட்டா ஆறிப் பூடும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா கடித்த முட்டையை எடுத்துத் தன் வாயில் போட்டார். பிறகு இன்னொன்றை எடுத்துப் பிளந்தார். வெள்ளையை அக்காவின் தட்டில் வைத்துவிட்டு, மஞ்சளைக் கட்டைவிரலால் நோண்டி எடுத்தார். "மஞ்சக்கரு சூடு மே. காச்ச ஒடம்புக்கு ஒத்துக்காது." அதை நாக்கின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மீசையில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. நான் அரிவாளைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

அதன்பிறகு எனக்குத் தெரிந்த எல்லா உணவுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஈரல் செரிக்காது. மீன் இருமலைக் கிளப்பும். கடலை பித்தம். பால் சளி கட்டும். எல்லாம் அக்காவின் நன்மைக்கு. ஏதோ ஒரு சங்கத்தார் நோயாளிகளுக்கென்று கொடுத்த பையில் ஒரு டப்பா பால் பவுடர் வந்தது. ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது, வாசலில் நின்று அதைக் கரண்டியால் அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பவுடர் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரலை உள்ளே விட்டுச் சுரண்டி, அந்த விரலைச் சப்பினார். என்னைப் பார்த்ததும் வெள்ளை வெள்ளையான பல்லோடு, "சாப்ட்டியா பாப்பா?" என்றார்.

நான் தனியாகச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். பருப்புக் கடைசல், சுண்டல், நாட்டுக்கோழிக் குழம்பு. டப்பாவில் போட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் அவர்தான் டப்பாவைக் கழுவிக்கொண்டு மாடியேறி வருவார். "உங்க ஊரு கோயிக் கொயம்பு சோக்கா இருந்துச்சி பாப்பா. மொளகுதான் கொஞ்சம் தூக்கலு."

"அக்கா சாப்பிட்டாங்களா அண்ணே?"

"அவ இன்னா துன்றா, கோயி கொத்தற மாரி. நான்தான் வேஸ்ட் ஆவக்கூடாதேன்னு."

துணி துவைக்கும் கல்லருகே அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதுகெலும்பு ஒவ்வொன்றாக நைட்டிக்கு மேலே தெரிந்தது. "உங்களுக்குக் கொடுக்கறத நீங்க சாப்பிடக்கூடாதா அக்கா? குமட்டல் நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே."

அக்கா நுரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நின்னுச்சி பாப்பா. இப்ப நல்லாவே பசிக்குது. ஆனா அவுரு எதிர்ல குந்திகினு என் வாயையே பாத்துகினு கீறாரு. நான் மென்னா அவரும் மெல்றாரு, சும்மா வாயிலியே. எனுக்கு எப்பிடி எறங்கும், சொல்லு? எடுத்துக்க மாமான்னு நானே தள்ளிடறேன்."

"அவர் பெரிய உடம்போட நல்லாத்தானே இருக்காரு?"

"அவுருக்குப் பசி தாங்காது பாப்பா. சின்ன வயசுலேர்ந்தே."

இரண்டு வேளையும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள் என்று சொன்னேன். தயங்கித் தயங்கி ஒரு சனிக்கிழமை ஏறி வந்தார். தட்டை வைத்து உட்காரக்கூட இல்லை, படியில் செருப்புச் சத்தம். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து அக்காவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இது அக்காவுக்கு" என்றேன்.

"ஏன், நான் இன்னா வேத்தாளா?" அக்காவின் தட்டிலிருந்த முட்டையை எடுத்து முழுதாக வாயில் திணித்துக்கொண்டார். இரண்டு கன்னமும் புடைத்தன. அதோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் அக்கா வந்ததும் மாடிப்படி உச்சியில் இருக்கும் கிரில் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டேன். வெங்காயம் நிறையப் போட்டு ஆம்லெட், பருப்பு, நெய் விட்ட சோறு. அக்கா முதல் கவளத்தை எடுக்கும்போது அவர் வந்துவிட்டார். கிரில்லைத் தட்டவில்லை, கோபப்படவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை நுழைத்து மோந்தார்.

"இன்னா பாப்பா, ஆம்லெட்டா? வெங்காயம் நல்லா மொறுமொறுன்னு வந்துகீதா?"

"அக்கா சாப்பிட்டு வருவாங்க அண்ணே. நீங்க போங்க."

"துன்னட்டும் துன்னட்டும். நான் சும்மாதான் நிக்கறேன்." எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. "நெய்யி ஊத்தினியா? வாசன வருதே."

அக்காவின் கை நின்றுவிட்டது. "தொறந்துடு பாப்பா. எனுக்கு எறங்கல."

"நீங்க சாப்பிடுங்க அக்கா. அங்க பாக்காதீங்க."

அக்கா என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். பிறகு தட்டோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கிரில்லருகே போனார். தட்டு கம்பிக்குள் நுழையாது. அதனால் ஆம்லெட்டைக் கிழித்துக் கிழித்துக் கம்பி வழியாக நீட்டினார். அவர் கையால் வாங்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வாயைத் திறந்து காட்டினார். அக்கா ஊட்டினார். நெய்ச்சோற்றையும் உருட்டி ஊட்டினார். கம்பியில் ஒட்டிக்கொண்ட பருக்கைகளை அவர் உதட்டால் கவ்வி எடுத்தார்.

நான் சமையலறைக்கு ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தியெடுத்தேன்.

அந்த மாதம் சிஸ்டர் வந்து எடை பார்த்தபோது நானும் கீழே இருந்தேன். அக்கா மெஷின்மேல் ஏறினார். சிஸ்டர் எண்ணைப் பார்த்தார், இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார். எடை போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. அதற்கு முந்திய மாதமும் அப்படித்தான்.

"மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா? குமட்டுதுன்னு துப்பிடறீங்களா? மறைக்காம சொல்லுங்க தேவகி. இப்படி எடை இறங்கக் காரணமே இல்ல. வீட்டுல இவ்வளவு நல்லா பாத்துக்கறாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் கணவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசியிருக்கமாட்டேனோ என்னவோ. அவர் பேசினார். அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேக்கறாங்க இல்ல, சொல்லு மே! முயுங்கறியா இல்லியா? நான் இன்னா வாங்கிப் போட்லன்னு நீ இப்பிடி என் பேரக் கெடுக்கற? ஈரலு, மீனு, முட்ட, இன்னா கொறை வெச்சேன் உனுக்கு?"

அக்கா, "போடறேன் மாமா" என்றார். அவ்வளவுதான்.

"மாத்திரை இல்ல சிஸ்டர்" என்றேன். "அவங்களுக்கு வாங்கறது எல்லாத்தையும் இவர் சாப்பிட்டுடறாரு. நான் கொடுக்கறதையும். எல்லாத்தையும்."

அவர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, பெரிய உடம்பு குலுங்க அழத் தொடங்கினார். அழுதுகொண்டே சொன்னார். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஏழு பேர், சமைப்பது ஒருவேளை. வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்துவந்து அவருடைய அம்மா கஞ்சி காய்ச்சுவாராம். பந்தி நடக்கும் கல்யாண வீட்டின் பின்பக்கம் நாயோடு சேர்ந்து நிற்பாராம். கடைசித் தம்பி பசியிலேயே போய்விட்டானாம். "தட்டப் பாத்தா எனுக்குத் தெரியாமியே கை போவுதும்மா. நான் இன்னா பண்றது? அவ துன்னணும்னுதான் வாங்கியாறேன். ஆனா கை போவுது."

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணீருக்கு எனக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. அவர் மூக்கைச் சிந்திய அதே கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அக்காவிடம், "உங்க அம்மா வீட்டுல யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

குத்தம்பாக்கத்தில் தங்கை சரளா இருந்தார். போன் போட்ட அன்றே, மதியம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அக்காவைப் போலவே முகம், ஆனால் கனத்த தோள்களும் உரத்த குரலும். அக்காவின் கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டைத் தன் விரலால் சுற்றியபோது விரல் மடிந்து உள்ளங்கையைத் தொட்டது. அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"பசின்னா இன்னான்னு உனுக்குத் தெரியும்ல மாமா? தெரிஞ்சவனாடா நீ?"

அக்கா போகிறபோது திரும்பித் திரும்பிப் பார்த்து, "அரிசி ஊறப் போட்டுகீறேன் மாமா, மாவாட்டிக்கோ" என்றார். சரளா ஆட்டோவுக்குள் இழுத்து உட்காரவைத்தார். மாத்திரைகளை அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ள சிஸ்டர் ஏற்பாடு செய்தார்.

அன்று சாயங்காலமே அவர் மாடிக்கு வந்தார். கோபமில்லாத குரலில், "வேற ஊடு பாத்துக்கோ பாப்பா. புருசன் பொண்டாட்டி நடுவுல பூந்தவங்கள நான் வெச்சிக்கக்கூடாது" என்றார். போகும்போது வாசலில் நின்று, எங்கள் அடுப்படிப் பக்கம் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாங்கள் வேலப்பன்சாவடிக்கு மாறினோம். அங்கிருந்து குத்தம்பாக்கம் ஒன்றும் தூரமில்லை, விடுமுறை நாட்களில் போய் அக்காவைப் பார்ப்பேன். சரளா வீட்டில் எல்லாம் நேரப்படி. காலையில் மாத்திரை, பிறகு கேழ்வரகுக் கூழ். பதினொரு மணிக்கு முட்டை, முழுசாக, மஞ்சளோடு. மதியம் பருப்பும் கீரையும் கருவாடோ மீனோ. சாயங்காலம் வேகவைத்த கொண்டைக்கடலை. சரளா ஒன்றும் வசதியானவர் இல்லை, பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவர் வீட்டில் இருந்ததெல்லாம் நாம் எல்லாரும் சாப்பிடுகிற சாப்பாடுதான். அதை அக்காவே சாப்பிட்டார், வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் மாதத்தில் அக்கா சாப்பிடுவதைப் பார்க்கவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தட்டைச் சுற்றி இடது கையை வளைத்து வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, மெல்லாமல் விழுங்குவார். யாராவது நடந்தால் கை அப்படியே நின்றுவிடும். பாதி சாப்பாட்டில், "அவுரு இன்னா துன்றாரோ" என்பார். அப்போது அவர்மேல் வந்த அதே குமட்டல் எனக்கு அக்காவின்மேலும் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "ஓட்டல்ல நல்லாத்தான் சாப்பிடறாராம் அக்கா, நீங்க சாப்பிடுங்க" என்பேன்.

மெல்ல எடை ஏறியது. முதலில் முகம் தெளிந்தது. பிறகு வளையல் கையில் நின்றது. ஒருநாள் நான் போனபோது தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டைக் கவனிக்கவேயில்லை. "இன்னும் ஒரு மீனு வெய்டி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சரளா மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரையெல்லாம் முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், சரளா ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்து என்னைக் கூப்பிட்டார். போனால் அவரும் வந்திருந்தார். அக்காவே போன் செய்து வரச்சொல்லியிருக்கிறார். கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். உடம்பு கொஞ்சமும் இளைக்கவில்லை. "சாப்ட்டியா பாப்பா?" என்று என்னைக் கேட்டார், ஒன்றுமே நடக்காததுபோல.

சரளா அவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, "அக்கா, நீ மொதல்ல துன்னு" என்றார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அவசரமில்லாமல் சாப்பிட்டார். கறி, முட்டை, ரசம், மோர். கூடத்தில் அவர் அடுப்படியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஒருமுறை எழப்போனார். சரளா நிலைப்படியில் வந்து நின்றதும் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா கை கழுவிக்கொண்டு வந்து அவருக்கு இலை போட்டார். தன் கையாலேயே பரிமாறினார். சோறு, குழம்பு, வறுவல், இலை கொள்ளாமல். அவர் குனிந்துவிட்டார். எலும்பை உறிஞ்சும் சத்தம் அந்தச் சின்னக் கூடம் முழுக்கக் கேட்டது. பாதி இலை காலியானபோது அக்கா எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

"நல்லா துன்னுட்டு போ மாமா. நான் வர்ல. இங்கியே இருந்துடறேன்."

உருட்டிய கவளம் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவர் தலையைத் தூக்கினார். கண் நிறைந்தது. அக்கா பார்வையைத் திருப்பவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார்.

"ரசம் கீதா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்துபோய் ரசம் கொண்டுவந்து ஊற்றினார்.

பஸ் ஸ்டாப்புக்கு நானும் அவரும் ஒன்றாக வரவேண்டியதாயிற்று. ஒரே பஸ். பூந்தமல்லியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் வாங்கினார். நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பழம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பி, ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார். யாருக்கும் அவர் எதையும் நீட்டி நான் பார்த்ததில்லை. நகக்கண்ணில் குழம்பு மஞ்சள்.

"வேணாம்ணே" என்றேன்.

"துன்னு பாப்பா."

"வேணாம்."

கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முன்னால் திரும்பி, அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். உதட்டை மூடிக்கொண்டு, மெதுவாக, சத்தமே வராமல் மென்றார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அப்போதும் எனக்குக் குமட்டியது. வேலப்பன்சாவடி வந்ததும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் பின்பக்க வழியாக இறங்கிவிட்டேன்.